கலம்காரி மண்ணில் குழந்தைகள் மருத்துவமனை: சுவர்களுக்கு யார் வண்ணம் தீட்டுவது?

திருப்பதி: பிறவியிலேயே இதயக் குறைபாடு உள்ள குழந்தைகளில் ஒரு சாரார் "நீலக் குழந்தைகள்" எனப்படுகின்றனர். ரத்தத்தில் பிராணவாயு குறைந்து உதடும் விரல் நுனியும் நீலம் பாரித்திருக்கும். இத்தகைய குழந்தை வீறிட்டு அழுதால் நுரையீரலுக்குச் செல்லும் ரத்தம் மேலும் குறைந்து, சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து நேரக்கூடும். ஆகவே, அக்குழந்தையை அழவிடாமல் பார்த்துக்கொள்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. ஊசி, வெள்ளை அங்கி, மருந்து வாடை, முன்பின் அறியாத முகங்கள் ஆகியவற்றுக்கு நடுவே அது எளிதன்று.

மருத்துவமனைச் சுவர்களில் ஓவியம் தீட்டும் தன்னார்வலர்களின் பணியை இந்தக் கோணத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அழகுபடுத்தும் வேலை என்று மட்டும் கருதி ஒதுக்கிவிட்டால் அதன் பயன் புலப்படாது.

திருப்பதியில் இந்தப் பேச்சுக்குத் தனிப் பொருத்தம் உண்டு. திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்தும் ஸ்ரீ பத்மாவதி குழந்தைகள் இதய மருத்துவமனை 2021 அக்டோபர் 11-ல் தொடங்கப்பட்டது. 2023 ஜனவரியில் அங்கு முதல் இதய மாற்று அறுவைச் சிகிச்சையும் நடைபெற்றது. அலிபிரி அருகே குழந்தைகளுக்கான பன்னோக்கு உயர் சிகிச்சை மருத்துவமனைக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. ஏழைகளின் புகலிடமான ரூயா அரசு பொது மருத்துவமனை பல பத்தாண்டுகளாக இயங்கி வருகிறது. இந்தியாவில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 8 அல்லது 9 பேருக்கு ஏதேனும் ஓர் இதயக் குறைபாடு இருப்பதாகப் பொதுவாகக் கணிக்கப்படுகிறது. அவர்களில் பலருக்குப் பெருநகர மருத்துவமனைகள் எட்டாக்கனி. வேண்டுதலுக்காக மலையேறியவர்கள் வந்த ஊருக்கு, இப்போது குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மருத்துவத்துக்காகவும் பெற்றோர் வருகின்றனர்.

வருவோரில் தமிழ் பேசுவோரும் உண்டு. 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நீடித்தன. எல்லை மாறியதே தவிர மக்களின் போக்குவரத்து மாறவில்லை. நகரி, புத்தூர், சத்தியவேடு பகுதிகளில் இன்றும் தமிழ் கேட்கிறது. சித்தூரில் இருந்து வேலூர் ஏறத்தாழ 35 கி.மீ. தூரம்தான், திருப்பதி அதைப்போல இரு மடங்கு. நோயாளி எந்தத் திசையில் வண்டி ஏறுவார் என்பதை மொழியைவிடப் பேருந்து வசதியே பல வேளைகளில் தீர்மானிக்கிறது. தெலுங்கு எழுத்து தெரியாத ஒரு தாய், "இரண்டாம் தளம், வலது புறம், நான்காவது அறை" என்ற அறிவிப்பின் முன் திகைத்து நிற்பார். கதவுக்கு மேல் யானையும் அடுத்த கதவுக்கு மேல் கிளியும் இருந்தால், அவருக்கும் வழி தெரியும். அவருடைய நான்கு வயது மகனுக்கும் தெரியும்.

ஆய்வுகள் சொல்வது: சுற்றுப்புறம் நோயாளியின் உடல்நிலையைப் பாதிக்கும் என்பதற்கு முதல் வலுவான சான்று 1984-ல் வெளிவந்தது. பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் குறிப்புகளை அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களைக் காட்டிலும் முன்னதாக வீடு திரும்பினர். அவர்களுக்குக் கடுமையான வலிநிவாரணிகளும் குறைவாகவே தேவைப்பட்டன. கலைக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பு குறித்து 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அறிக்கை வெளியிட்டது.

எனினும், எந்தப் படமானாலும் நன்மை தரும் என்று எண்ணிவிடலாகாது. பிரிட்டனில் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 4 முதல் 16 வயது வரையிலான 250-க்கும் அதிகமான குழந்தைகளிடம் மருத்துவமனை அலங்காரம் பற்றிக் கேட்டனர். 2008-ல் வெளியான முடிவு பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. சுவரில் கோமாளிப் படம் இருப்பதை ஒரு குழந்தைகூட விரும்பவில்லை. சற்றே வளர்ந்த பிள்ளைகள்கூட அதைக் கண்டு அஞ்சுவதாகக் கூறினர். குழந்தைகளைச் சிரிக்க வைக்கும் என்று பெரியவர்கள் தாமாக முடிவு செய்து வரைந்த படம் அது. வரைவதற்கு முன் குழந்தைகளைக் கேட்க வேண்டும் என்ற எளிய விதியைத் தன்னார்வலர்கள் பலர் மறந்துவிடுகின்றனர்.

ஸ்கேன் கருவிகளை வடிவமைத்த அமெரிக்கப் பொறியாளர் டக் டீட்ஸின் அனுபவமும் இங்கு நினைவுகூரத்தக்கது. தாம் உருவாக்கிய கருவியைக் கண்டு ஒரு சிறுமி அழுவதை அவர் நேரில் பார்த்தார். அதன் பின், அந்த அறையையே கடற்கொள்ளையர் கப்பல் போலவும் விண்கலம் போலவும் ஓவியங்களால் மாற்றும் திட்டம் பிறந்தது. படம் எடுக்கும்வரை குழந்தை அசையாமல் படுத்திருக்க வேண்டும். அஞ்சி நெளியும் குழந்தைக்கு மயக்க மருந்து தர நேரிடும். அறை மாறிய பின் மயக்க மருந்தின் தேவை குறைந்ததாக அத்திட்டத்தில் ஈடுபட்டோர் தெரிவித்தனர். இதயக் குறைபாடுள்ள குழந்தைக்கு ஒரு வேளை மயக்க மருந்தைத் தவிர்க்க முடிந்தாலும் அது லாபமே.

காளஹஸ்தியின் எழுதுகோல்: திருப்பதிக்கு ஓவியம் வெளியூரில் இருந்து வர வேண்டியதில்லை. ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ள ஸ்ரீகாளஹஸ்தி, கலம்காரிக் கலையின் தாயகங்களுள் ஒன்று. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த ஊர், 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. நலிந்திருந்த இக்கலைக்கு உயிரூட்டுவதற்காக 1957-ல் இங்கு பயிற்சி மையம் ஏற்படுத்தப்பட்டது. அதன் பின்னணியில் இருந்தவர் கமலாதேவி சட்டோபாத்யாய. இவ்வூர்க் கலைஞர் ஜொன்னலகட்டா குரப்ப செட்டிக்கு 2008-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் துணியைத் தோய்த்து உலர்த்துவர். வெல்லத்தையும் இரும்பையும் நீரில் ஊறவைத்துக் கறுப்பு மை எடுப்பர். கம்பளி சுற்றிய மூங்கில் குச்சியே எழுதுகோல். மூத்த கலைஞர் கோடு இழுத்துக் கொடுக்க, குடும்பத்தார் அதனுள் வண்ணம் நிரப்புவர். கதையைக் கட்டம் கட்டமாகச் சொல்வது இதன் இயல்பு. கோயிலில் தொங்கவிடப்பட்ட பெருந்திரைகள் ஒருவகையில் துணியில் வரைந்த சுவரோவியங்களே எனலாம்.

குழந்தைகளுக்குச் சொல்லக் கதைக்கும் பஞ்சமில்லை. சிலந்தி, பாம்பு, யானை ஆகிய மூன்றும் சிவனை வழிபட்ட கதையே அந்த ஊரின் பெயர். "ஸ்ரீ" என்றால் சிலந்தி, "காள" என்றால் பாம்பு, "ஹஸ்தி" என்றால் யானை என்று தல புராணம் கூறும். அதே தலத்தின் கண்ணப்ப நாயனார் கதையைக் குழந்தைகள் பிரிவில் வரைவதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும். கண் சிகிச்சைக்கு வந்த பிள்ளை அதைப் பார்த்தால் இரவில் உறங்காது.

ஜெராக்ஸ் எடுத்தாற்போல எல்லா ஊர்ச் சுவர்களிலும் ஒரே மிக்கி மவுஸும் சோட்டா பீமும் நிற்பது சலிப்பைத் தருகிறது. இதில் சட்டச் சிக்கலும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் மூன்று குழந்தைகள் காப்பகங்களின் சுவர்களில் இருந்த தனது பாத்திரங்களை அழிக்குமாறு டிஸ்னி நிறுவனம் 1989-ல் வலியுறுத்தியது. காளஹஸ்தி யானைக்கு உரிமைத்தொகை கேட்டு யாரும் நோட்டீஸ் அனுப்பப் போவதில்லை.

தன்னார்வலர்கள் எங்கே? திருப்பதியில் இவர்களுக்குத் தட்டுப்பாடே இல்லை. 2000-ம் ஆண்டில் தொடங்கப்பட்ட ஸ்ரீவாரி சேவை என்ற ஏற்பாட்டின் கீழ், தமிழகம், கர்நாடகம் உள்ளிட்ட பல மாநிலத்தவரும் குழுக்களாக வந்து, வரிசையில் நிற்போருக்குக் குடிநீர் கொடுப்பது முதல் அன்னதானக் கூடத்தில் உணவு பரிமாறுவது வரை செய்கின்றனர். பாரம்பரியச் சிற்பமும் கலம்காரியும் கற்பிக்கும் தேவஸ்தானக் கல்விக்கூடமும் இதே நகரில் உள்ளது. கோடு போடத் தெரிந்தவர்களும் வண்ணம் நிரப்ப ஆர்வம் உள்ளவர்களும் ஒரே ஊரில் இருக்கின்றனர்.

இவ்விரு தரப்பையும் இணைக்கும் முறைக்கு முன்னோடி உண்டு. விளம்பரத் துறையைச் சேர்ந்த அமெரிக்க ஓவியர் ஜான் ஃபைட், 1984-ல் மருத்துவமனைக் கலைக்கென்றே ஓர் அறக்கட்டளையை நிறுவினார். ஓவியர் கோட்டோவியம் வரைந்து, எந்தப் பகுதிக்கு எந்த வண்ணம் என்று குறித்துவிடுவார். தூரிகை பிடித்தே அறியாத தன்னார்வலரும், சக்கர நாற்காலியில் அமர்ந்த நோயாளியும் அதில் வண்ணம் நிரப்பலாம். பெரும்பாலும் துணித்திரையில் தீட்டிப் பின்னர் மாட்டப்படுவதால், சுவர் அருகே எழுந்து நிற்க இயலாத குழந்தையும் மடியில் வைத்துப் பூசலாம். கலம்காரிக் கூடங்களில் தலைமுறைகளாக நடந்துவரும் வேலைப் பங்கீடும் இதுதானே!

இந்தியாவில் தன்னார்வத்தின் ஆற்றலுக்குப் பிகாரின் மதுபனி ரயில் நிலையம் சான்று. 2017 அக்டோபரில் 200-க்கும் மேற்பட்ட மிதிலைக் கலைஞர்கள் ஊதியம் பெறாமல் அந்த நிலையத்தின் சுவர்களை நிரப்பினர். நிலையம் புகழ் பெற்றது. அழகிய நிலையங்களுக்கான பரிசும் கிடைத்தது. ஆனால், ஓவியமே பிழைப்பாகக் கொண்டவரிடம் சேவை என்ற பெயரில் இலவசமாக வேலை வாங்குவது முறையா என்பது வேறு கேள்வி. வார இறுதியில் வரும் கணினிப் பொறியாளரும் கல்லூரி மாணவியும் இலவசமாக வண்ணம் பூசட்டும். கோடு இழுக்கும் காளஹஸ்திக் கலைஞருக்கு உரிய கூலி கொடுப்பதே நியாயம்.

மருத்துவமனைச் சுவர் ரயில் நிலையச் சுவர் போன்றதன்று என்பதையும் கவனிக்க வேண்டும். பெயிண்ட் வாடை சுவாசக் கோளாறுள்ள குழந்தைக்கு ஆகாது. படுக்கைகளைக் காலி செய்த பிறகே வார்டில் தூரிகை எடுக்கலாம். கிருமிநாசினியால் அடிக்கடி துடைத்தாலும் அழியாத மேற்பூச்சு தேவை. இயற்கைச் சாயக் கலம்காரி அதைத் தாங்காது; அதன் கோடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, வண்ணத்துக்குக் கழுவக்கூடிய பெயிண்டைத்தான் நாட வேண்டும். அசல் துணி ஓவியம் என்றால் தூசி படியாதபடி கண்ணாடிக்குள் இருக்க வேண்டும். இன்னொன்றைப் பெரும்பாலோர் யோசிப்பதே இல்லை. அறுவை அரங்குக்கு ஸ்ட்ரெச்சரில் கொண்டு செல்லப்படும் குழந்தை பார்ப்பது சுவரை அல்ல, மேற்கூரையை. அங்கு குழல் விளக்குகளைத் தவிர ஏதுமிருக்காது.

சுவருக்குச் செலவிடும் பணத்தை மருந்துக்கும் கருவிக்கும் செலவிடலாமே என்ற வாதத்தைப் புறந்தள்ள முடியாது. 2021 மே 10-ம் தேதி இரவு, ரூயா மருத்துவமனையில் ஆக்ஸிஜன் விநியோகம் தடைப்பட்டதில் 11 பேர் உயிரிழந்ததாக அரசு அறிவித்தது. அந்த நினைவு மறையாத ஊரில், படங்களைப் பற்றிப் பேசுவோர் சற்று அடக்கத்தோடுதான் பேச வேண்டும். ஆனால், குழந்தைக்கு உகந்த சூழலும் தரத்தின் ஓர் அங்கம் என்பதை மத்திய சுகாதார அமைச்சகமே ஏற்றுள்ளது. அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கு இணக்கமான சேவையை உறுதி செய்வதற்காக "முஸ்கான்" என்ற திட்டத்தை அது 2021 செப்டம்பரில் தொடங்கியது. தில்லியில் வகுக்கப்பட்ட இந்த நெறிமுறை மாவட்ட மருத்துவமனையின் வார்டுவரை சென்று சேர, உள்ளூர்க் கைகள் வேண்டும். தன்னார்வலர் வந்தால் கூலிச் செலவில் பெரும்பகுதி மிச்சம். எஞ்சுவது பெயிண்ட் விலையும் சாரம் கட்டும் செலவும்தான்.

லண்டனில் உள்ள புனித பார்த்தலோமியு மருத்துவமனையின் மாடிப்படிச் சுவர்களுக்காக, 1730-களில் வில்லியம் ஹோகார்த் இரண்டு பெரும் ஓவியங்களைக் கட்டணமின்றி வரைந்து கொடுத்தார். அவை இன்றும் அங்கே உள்ளன. பராமரிக்க ஆள் இருந்ததால் நிலைத்தன. நம் ஊர்களில் திறப்பு விழாப் புகைப்படத்தோடு பலரின் ஆர்வம் வடிந்துவிடுகிறது. இரண்டு மழைக்காலம் கடந்ததும் யானையின் தும்பிக்கையில் ஈரம் பாரித்து, காரை பெயர்ந்து, படம் இருந்ததைவிட மோசமாகத் தோன்றும். திருப்பதிப் பகுதிக்கு வடகிழக்குப் பருவமழையே பெருமழை. 2021 நவம்பரில் நகரமே வெள்ளத்தில் மிதந்தது. ஆகவே, நீர்க்கசிவை அடைத்து, பூச்சு வேலையை முடித்து, தை பிறந்த பின் தூரிகையை எடுப்பதே ஏற்றது. முதலில் வெளிநோயாளிகள் பிரிவின் காத்திருப்புக் கூடம். அங்குதான் குழந்தைகள் நெடுநேரம் அமர்ந்திருக்கின்றனர்.