சம்பளம் வேண்டாமென்ற உபதேசியார்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அதற்குள் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் கண்ணில் சபைப் பெயர்ப்பலகைகள் பல பட்டுவிடும். சி.எஸ்.ஐ. ஆலயத்தையும் ஆர்.சி. கோயிலையும் எல்லோருக்கும் தெரியும். மாடியில் தகரக்கூரை போட்டு, வாசலில் ஆராதனை நேரம் எழுதி, கீழே பாஸ்டர் பெயரும் போன் நம்பரும் போட்டிருக்கிறதே, அது எந்த மிஷனைச் சேர்ந்தது என்று கேட்பவர்கள் உண்டு. எந்த மிஷனையும் சேர்ந்ததல்ல. தானாக முளைத்த சபை. இதெல்லாம் டிவி வந்த பிறகு கிளம்பியது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், இந்த வட்டாரத்திலேயே அதற்கு ஏறக்குறைய 185 வருஷத்துக் கதை இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டை என்று ஒரு சிற்றூர். 1840 வாக்கில் அங்கே குடியேறி அந்த ஊரை உண்டாக்கியவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். திருநெல்வேலிப் பக்கம் உக்கிரன்கோட்டையில் 1810-ல் பிறந்தவர். பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். உபதேசியார் வேலைக்கு அந்தப் படிப்பு போதும், மிஷன் சம்பளமும் நிச்சயம். அந்தச் சம்பளத்தைத்தான் அவர் வேண்டாமென்றார்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். அன்றைய ஏற்பாட்டைப் பார்த்தால் புரியும். லண்டனில் சொசைட்டி. அது அனுப்பும் மிஷனரி பாளையங்கோட்டையில் இருப்பார். அவருக்குக் கீழே ஊர் ஊராக உபதேசியார்கள். ஜெபவீடு, பள்ளிக்கூடம், உபதேசியார் குடியிருக்கும் வீடு எல்லாமே சொசைட்டியின் கணக்கில். 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ், சி.எம்.எஸ். என்ற அந்தச் சர்ச் மிஷனரி சொசைட்டிக்காக நூற்றுக்கணக்கான ஊர்களில் சபைகளை உண்டாக்கினார். ஆங்கிலிக்கன் சபையின் ஒழுங்குகளை, குறிப்பாகக் குருப்பட்டம் கொடுக்கும் முறையை, அவர் விமர்சித்தார். 1835-ல் சொசைட்டி அவரோடு உறவை முறித்துக்கொண்டது. சபைகள் இரண்டாகப் பிளந்தன. 1838-ல் அவர் இறந்ததும், அவர் பக்கம் நின்றவர்கள் பெரும்பாலும் பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார்கள். வேறென்ன செய்வார்கள்? அந்தப் பிளவு நடந்தபோது அருளப்பனுக்கு வயது இருபத்தைந்து.

அதற்குள் அவருக்கு இன்னொரு வெளிநாட்டுக்காரரின் பழக்கம் கிடைத்திருந்தது. அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ், இங்கிலாந்தில் எக்சிட்டர் நகரத்துப் பல் வைத்தியர். நல்ல வருமானத்தை விட்டுவிட்டு பாக்தாத்துக்குப் போய், 1831-ல் கொள்ளை நோயில் மனைவியைப் பறிகொடுத்து, 1833-ல் இந்தியா வந்தவர். பிரிஸ்டலில் அநாதை விடுதிகள் நடத்திய ஜார்ஜ் முல்லருக்கு மைத்துனர். பிரதரன் என்று இங்கே சொல்கிறோமே, அந்தக் கூட்டத்தின் முன்னோடிகளில் ஒருவர். அவர் சொன்னது இரண்டே விஷயம். ஊழியக்காரன் யாரிடமும் மாதச் சம்பளம் பேசிக்கொள்ளாமல் கடவுளை நம்பிப் போகலாம். அப்பம் பிட்கப் பட்டம் பெற்ற குரு வேண்டியதில்லை, விசுவாசிகள் நாலு பேர் கூடினால் போதும். கேட்பதற்குச் சாதுவான உபதேசம்தான். ஆனால் பட்டம் பெற்ற குரு வந்தால்தான் திருவிருந்து என்றிருந்த ஊர்களில், மிஷன் ஏற்பாட்டின் ஆணிவேரையே அது அசைத்துவிட்டது.

குரோவ்ஸே சம்பளம் தர முன்வந்தபோதும் அருளப்பன் மறுத்தார். அவர் சொன்ன காரணம், நம்ம ஊர்க்காரர் சொல்லக்கூடிய காரணம்: கூலி வாங்கிக்கொண்டு பேசுகிறான் என்று ஜனங்கள் சொல்வார்கள். வெள்ளைக்காரன் காசு என்ற பேச்சு அன்றைக்கே இருந்திருக்கிறது பாருங்கள். அதற்காக வெளியிலிருந்து ஒரு காசும் வரவில்லை என்று நான் சொல்லமாட்டேன். இங்கிலாந்து நண்பர்கள் அன்பளிப்பு அனுப்பினார்கள். ஆனால் உத்தரவாதமும் கிடையாது, உத்தரவும் கிடையாது.

ஊரை எதற்காக உண்டாக்க வேண்டும்? கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவர்களுக்குச் சொந்த ஊரில் கிணறும் வேலையும் மறுக்கப்பட்ட காலம் அது. முதலூர் 1799-லேயே அப்படி எழுந்த அடைக்கல ஊர். டோனாவூர், டோனா பிரபு கொடுத்த பணத்தில் ரேனியஸ் காலத்தில் எழுந்தது. கிறிஸ்தியான்பேட்டையும் அதே வகைதான். ஒரே வித்தியாசம், அதை நடத்தியவர் தமிழர், அவருக்கு மேலே மிஷனரி யாரும் இல்லை.

1860 மே, ஜூன் மாதங்களில் கிறிஸ்தியான்பேட்டையில் ஓர் எழுப்புதல், அதாவது ஒரு பக்தி அலை, வந்தது. அமெரிக்காவிலும் அயர்லாந்திலும் அதற்கு முந்தைய ஓரிரு வருஷங்களில் நடந்த எழுப்புதல்களின் செய்தி பத்திரிகை வழியாக இங்கேயும் எட்டியிருந்த நேரம். கிறிஸ்தியான்பேட்டைக் கூட்டங்களில் சிலர் தீர்க்கதரிசனம் சொன்னார்கள், நடுங்கி விழுந்து பாவத்தை அறிக்கையிட்டார்கள், அந்நிய பாஷையில் பேசினார்கள், அதற்கு வேறு சிலர் அர்த்தம் சொன்னார்கள். எல்லாம் அருளப்பனே எழுதி வைத்தது. பெந்தெகொஸ்தே இயக்கத்தின் பிறப்பிடம் என்று உலகம் சொல்லும் லாஸ் ஏஞ்சலஸ் அசூசா தெருக் கூட்டம் நடந்தது 1906-ல். அதற்கு 46 வருஷம் முன்பே நம்ம வத்திராயிருப்புப் பக்கத்தில் அது நடந்திருக்கிறது. அந்தப் பரவசம் உண்மையா உணர்ச்சிவேகமா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. பக்கத்தில் சிவகாசியை மையமாக வைத்துச் சுற்றி ஊழியம் செய்த சி.எம்.எஸ். மிஷனரிகளும் பாராட்டு பாதி, தயக்கம் பாதியாகத்தான் பார்த்தார்கள். அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. இதே அலை 1870-களில் திருவிதாங்கூரில் யுஸ்தூஸ் யோசேப்பு என்பவரின் தலைமையில் எழுந்து, 1881-ல் கிறிஸ்து வருவார் என்று நாள் குறிக்கும்வரை போய்விட்டது. நாள் வந்தது, போனது. தனிச்சபையில், நாள் குறிக்காதே என்று தடுக்க மேலே ஆள் இல்லை.

இன்றைய சபைக்கு வருவோம். தொடக்கம் எங்கேயும் ஒன்றுதான். ஒரு வீட்டில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். வீடு போதாமல் மாடியை வாடகைக்கு எடுப்பார்கள். தசமபாகத்திலும் காணிக்கையிலும் வாடகை போக மிஞ்சுவதுதான் பாஸ்டர் வீட்டுச் சாப்பாடு. பிறகு சங்கமாகவோ டிரஸ்டாகவோ பதிவு, ஊருக்கு வெளியே இரண்டு சென்ட் இடம். வழிபாட்டுத் தலம் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். அந்த ஃபைல் நகரும் வேகம் தெரிந்ததுதானே, அதனால் பல சபைகள் தகரக்கொட்டகையிலேயே நின்றுவிடுகின்றன.

சிக்கல் வருவது கல்யாணத்திலும் சாவிலும். 1872-ன் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, பிஷப்பிடம் பட்டம் பெற்ற குருவுக்குத் தனி லைசென்ஸ் தேவையில்லை. தனிச்சபைப் பாஸ்டர் நடத்தும் திருமணம் செல்ல, அவருக்கு அரசாங்க லைசென்ஸ் இருக்க வேண்டும். இல்லையென்றால், அந்தக் கல்யாணம் செல்லாது என்பது பாஸ்போர்ட்டுக்குப் போகிற அன்றைக்குத்தான் மணப்பெண்ணுக்குத் தெரியவரும். கல்லறைத் தோட்டமோ பழைய சபைகளின் கையில். பெயர் பதிவில் இல்லாதவருக்கு ஆறடி நிலம் கேட்டு, துக்க வீட்டிலிருந்து எழுந்துபோய்ப் பேச வேண்டிவரும். சி.எஸ்.ஐ.யில் சந்தாவையும் கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் சபைக்குப் போகிற குடும்பங்கள் இதற்காகத்தான் இரண்டு படகில் கால் வைக்கின்றன. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்தது வாரிசு. பாஸ்டருக்குப் பிறகு மகனா, மூப்பர்களா? இடம் யார் பெயரில்? சம்பளம் தரும் தலைமை இல்லாத சபைக்குக் கணக்குக் கேட்கும் தலைமையும் இல்லை. அருளப்பனின் சுதந்திரத்துக்கு நாம் கொடுக்கும் விலை இது. பாஸ்டர் நல்லவராயிருப்பது மட்டும் இதற்குப் பரிகாரமாகாது. மூப்பர்கள் கையெழுத்திட்ட கணக்கும் சபை பெயரிலான பத்திரமும் வேண்டும்.

1867-ல் அருளப்பன் இறந்தார். இன்று அவரைப் பற்றிப் பேச முடிவதற்குக் காரணம் அவர் எழுதிய நாட்குறிப்புகளும் கடிதங்களும். ஜி. எச். லாங் என்ற ஆங்கிலேயர் அவற்றைத் தொகுத்து 1939-ல் புத்தகமாக்கினார். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இன்றைய தனிச்சபைகளைத் தொடங்கிய முதல் தலைமுறையினரில் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். முதல் ஜெபம் யார் வீட்டில், முதல் ஞானஸ்நானம் எந்தக் கண்மாயில், முதல் வாடகை எவ்வளவு என்பதை அவர்களிடம் கேட்டு ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, ஒரு பிரதியை மூப்பரிடமும் ஒரு பிரதியை உங்கள் வீட்டிலும் வைத்துவிடுங்கள்.