வெற்றிடமும் ஒரு விடை



சில ஆண்டுகளுக்கு முன்னர், அலுவலகப் பயணப் படிவம் ஒன்றைக் கணிப்பொறித் திரைக்காகத் தமிழாக்கும் பணி எனக்கு வந்தது. ‘ஃபிரம் மதுரை டு தில்லி’ என்பது ஆங்கில முறை. அங்கே அச்சொற்கள் ஊர்ப்பெயருக்கு முன்னே நிற்கின்றன. தமிழிலோ ‘மதுரை முதல் தில்லி வரை’ என்று பின்னே வருகின்றன. படிவத்தை வகுத்தவர்கள் இதனை முன்னரே உணர்ந்து, ஒவ்வோர் ஊர்ப்பெயருக்கும் முன்னொரு கட்டமும் பின்னொரு கட்டமும் வைத்திருந்தனர். நான் முன்கட்டங்களை வெறுமையாக விட்டு, பின்கட்டங்களில் ‘முதல்’, ‘வரை’ என்று எழுதி அனுப்பினேன். திரையில் தோன்றியதோ ‘ஃபிரம் மதுரை முதல் டு தில்லி வரை’ என்னும் விந்தை வாக்கியம்! ‘மொழிபெயர்த்தவருக்குத் தமிழ் தெரியாது போலும்’ என்று ஒருவர் எழுதிய கடிதம் என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

‘இங்கே ஒன்றும் வேண்டா’ என்று நான் விட்ட வெற்றிடத்தை, ‘இன்னும் எழுதப்படவில்லை’ என்று பொறி பொருள் கொண்டு, ஆங்கிலத்தை இட்டு நிரப்பிவிட்டது. பிழை எங்கே நேர்ந்தது என்று தேடப் புகுந்த நான், கலைப் பட்டதாரியேயாயினும், நிரல் எழுதுவோரின் கலையில் ஒரு மூலையைக் காண நேர்ந்தது. அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

எந்த நிரலும் தான் நடக்கவேண்டிய முறையைச் சில குறிப்புகளிலிருந்து அறிந்துகொள்கிறது. எந்த மொழியில் பேசுவது, எழுத்தின் அளவு என்ன, எந்த அச்சுப்பொறிக்கு அனுப்புவது என்பன போன்றவை அவை. குறிப்புகள் பெருகும்போது அவற்றை மர வடிவில் அடுக்குகின்றனர். வேரிலிருந்து கிளை, கிளையிலிருந்து சிறுகிளை, அதன் நுனியில் இலையாக ஒரு மதிப்பு. 1992-இல் வெளிவந்த விண்டோஸ் 3.1-இல் தோன்றிய ‘ரெஜிஸ்ட்ரி’ இத்தகைய மரமே. மரத்தினுள் நிரல்கள் கண்டபடி கைவிட்டுத் துழாவாதவாறு ஒரு வாயில் வகுக்கப்படுகிறது. இன்ன இடத்திலுள்ளதைக் கொடு, இன்ன இடத்தில் இதனை வை என்று கேட்பதற்குரிய வாயில் அது. இதனையே ‘ஏ.பி.ஐ.’ என்பர்.

வாயிலில் முதலில் எழும் கேள்வி, இடத்தை எவ்வாறு பெயரிட்டுச் சொல்வது என்பது. கிளைப் பெயர்களுக்கிடையே புள்ளி வைத்து எழுதுவது ஒரு வழக்கம். ஆனால் கிளையின் பெயரே புள்ளிகள் நிறைந்த ஓர் இணைய முகவரியாக இருந்தால், பொறி அதனைப் பல கிளைகளாகப் பிளந்துவிடும். ஆகவே பெயர்களைத் தனித்தனியே வரிசையாகப் பெற்றுக்கொள்வது நன்று.

அடுத்த கேள்வியே தலையாயது. கேட்ட இடத்தில் ஒன்றும் இல்லையெனில் வாயில் என்ன விடை தரவேண்டும்? வெறும் சொல்லைத் தரலாம், சுழியத்தைத் தரலாம் என்று தோன்றும். ஆனால் அவ்வாறு தந்தால், எழுதப்படாத இடமும் வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்ட இடமும் ஒன்றாகிவிடுகின்றன. ‘இருக்கிறது, இதோ மதிப்பு’, ‘இருக்கிறது, அது வெறுமை’, ‘அப்படி ஓர் இடமே இல்லை’ என்னும் மூன்று விடைகளும் வேறுபட்டு ஒலிக்கவேண்டும்.

இவ்வேறுபாடு ஏன் இத்துணை முக்கியம்? கீழே இல்லாததை மேலே தேடுவது இம்மரங்களின் இயல்பு. யூனிக்கோடு அமைப்பு பேணிவரும் ‘சி.எல்.டி.ஆர்.’ என்னும் மொழிக்குறிப்புத் தொகுதியில், இந்தியத் தமிழ் என்னும் கிளையில் ஒரு குறிப்பு இல்லையெனில் பொதுத் தமிழுக்கும், அங்கும் இல்லையெனில் வேருக்கும் தேடல் ஏறிச் செல்லும். பத்து லட்சத்தைப் பொதுத் தமிழ்க் கிளை 10,00,000 என்று பிரிக்கிறது; மலேசியத் தமிழும் சிங்கப்பூர்த் தமிழும் தமக்குரிய மாற்றத்தைத் தம் கிளையில் வைத்து 1,000,000 என்று பிரிக்கின்றன. மாறுவதை மட்டும் எழுதினாற் போதும். எஞ்சியது தாய்க்கிளையிலிருந்து வரும்.

ஆனால் தாய்க்கிளையில் இருப்பது சேய்க்கு வேண்டாததாயின்? ஆங்கிலக் கிளையில் அமெரிக்க நேர மண்டலங்களின் சுருக்கப் பெயர்கள் உள்ளன. பிற நாட்டாருக்கு அவை பழக்கமில்லை. எனவே ‘உலக ஆங்கிலம்’ என்னும் கிளையில், ‘இங்கே ஒன்றுமில்லை, மேலேயும் தேடாதே’ என்று தடுக்கும் தனிக்குறி ஒன்றை இட்டு வைத்துள்ளனர். இந்திய ஆங்கிலக் கிளை அதன்கீழ் வருவதால் அத்தடையின் பயனை நாமும் பெறுகிறோம். மாறாக, மொழிபெயர்ப்புக்குப் பெரிதும் பயன்படும் ‘கெட்டெக்ஸ்ட்’ கோப்புகளில் வெற்று மொழிபெயர்ப்பு என்றாலே ‘மொழிபெயர்க்கப்படவில்லை’ என்பதுதான் பொருள். என் படிவத்துக்கு நேர்ந்ததும் இதே கதி.

எழுதும் வாயிலிலும் இக்கவனம் வேண்டும். ‘வெறுமையாக்கு’ என்பதும் ‘நீக்கிவிடு’ என்பதும் இரு வேறு கட்டளைகள். 2014-இல் வகுக்கப்பட்ட ‘ஜேசன் மெர்ஜ் பேட்ச்’ என்னும் திருத்த முறையில் ‘நல்’ என்னும் இன்மைக் குறியை அனுப்பினால் அந்த இடமே நீக்கப்படும். அக்குறியையே மதிப்பாக வைக்க வழியில்லை.

விடை எங்கிருந்து வந்தது என்பதையும் வாயில் சொல்லவேண்டும். நிரலாசிரியர்கள் பயன்படுத்தும் ‘கிட்’ என்னும் கருவி, பொறி முழுமைக்கும் ஒன்று, பயனருக்கு ஒன்று, அந்தந்தப் பணிக்கு ஒன்று என மூன்று அடுக்குகளில் குறிப்புகளைத் தேடுகிறது. எந்தக் கோப்பிலிருந்து ஒரு மதிப்பு வந்தது என்று காட்டும் வசதி அதில் 2016-இல் சேர்ந்தது. என் படிவத்தில் அத்தகைய வசதி இருந்திருந்தால், ‘ஃபிரம்’ எங்கிருந்து நுழைந்தது என்பதை ஒரு நொடியில் கண்டிருப்பேன்.

கேளாமலே பொருள் கற்பிக்கும் வாயிலும் தீங்கு செய்யும். ‘யாமல்’ என்னும் குறிப்பு மொழியின் 1.1 பதிப்பில் ‘நோ’ என்னும் சொல் மறுப்பாகக் கொள்ளப்பட்டது. நார்வே நாட்டின் ஈரெழுத்துக் குறியீடும் அதுவே! நாடுகளின் பட்டியலில் நார்வே இருக்கவேண்டிய இடத்தில் ‘பொய்’ என்னும் மதிப்பு வந்து அமர்ந்தது. 2009-இல் வந்த 1.2 பதிப்பு அவ்விதியைக் கைவிட்டது. ஆயினும் பழைய விதியைப் பின்பற்றும் கருவிகள் இன்றும் உள்ளன. சொல்லாகக் கேட்டால் சொல்லாகவும், எண்ணாகக் கேட்டால் எண்ணாகவும் தருவதே நல்ல வாயிலின் இலக்கணம்.

அரசு அலுவலகப் படிவங்களை நிரப்பிய எவரும், ‘கட்டத்தை வெறுமையாக விடாதீர், ஒன்றுமில்லையாயின் இல்லை என்று எழுதுக’ என்னும் அறிவுரையைக் கண்டிருப்பர். எழுத மறந்தவரையும், இல்லை என்று அறிந்து எழுதியவரையும் பிரித்தறியும் பழைய நெறி அது. தாயகம் விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நாம், திரையில் நம் மொழியைத் தேர்ந்த பின்னும் இடையிடையே வேற்றுமொழிச் சொல் தலைகாட்டக் காண்கிறோம். மொழிபெயர்ப்பாளரின் சோம்பல் என்று அதனை எண்ணிவிட வேண்டா. அவர் விட்ட வெற்றிடம் ஒரு விடையாகவே இருந்திருக்கலாம். அதனை விடையென்று ஏற்க வாயில் கற்றிருக்கவில்லை, அவ்வளவே.