பேசும் பொம்மையும் சூரிய விளக்கும்

அறிக்கை என்று ஒன்று இருக்கிறதே, அதன் விதியைப் போலப் பரிதாபமான விதி வேறு எந்தக் காகிதத்துக்கும் கிடையாது. பத்து நிபுணர்கள் கூடுகிறார்கள். மாதக் கணக்கில் யோசிக்கிறார்கள். நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதி, வழவழப்பான அட்டை போட்டு வெளியிடுகிறார்கள். அதை இன்னும் பத்து நிபுணர்கள் புரட்டிப் பார்க்கிறார்கள். அதன் பிறகு அது அலமாரிக்குள் போய்ச் சேருகிறது. அப்புறம் அதைப் படிக்கும் பாக்கியம் கரையானுக்குத்தான்.

ராஜஸ்தானத்தில் ஆஜ்மீர் ஜில்லாவைச் சேர்ந்த திலோனியா என்ற கிராமத்தில் மட்டும் இத்தகைய அறிக்கைகளுக்கு நல்ல கதி கிடைத்தது. உலக பாங்கியின் பழைய அறிக்கைக் காகிதங்களைக் கொண்டு அங்கே பொம்மைகள் செய்தார்கள். இந்தச் சமாசாரத்தை அந்த ஊர் ஸ்தாபனத்தை நிறுவியவர், 2011-ம் வருஷம் ஜூலை மாதத்தில் எடின்பரோ நகரில் கூடிய பெரிய சபை ஒன்றில் சொன்னார். சபையிலே ஒரே சிரிப்பு! சிரிப்பதற்குரிய விஷயந்தான். ஆனால் சிரித்து முடித்த பிறகு சற்றுச் சிந்திக்கவும் வேண்டிய விஷயம்.

ஏனென்றால், இன்று மனித குலத்துக்கு வந்திருக்கும் பெரிய ஆபத்து ஒன்றைப் பற்றி அறிக்கைகளுக்குக் குறைவே இல்லை. 1958-ம் வருஷத்தில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமீது காற்றை அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 315 பங்கு இருந்தது. இப்பொழுது அது 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் பெட்ரோலும் எரிந்து வந்த புகையே இதற்கு முக்கிய காரணம். பூமி சூடேறுகிறது, பனிமலை உருகுகிறது, மழை பெய்ய வேண்டிய காலத்தில் பெய்யாமல், பெய்யும்போது ஊரையே அடித்துக்கொண்டு போகிறது. விஞ்ஞானிகள் இதையெல்லாம் சொல்லாமல் இல்லை. சொல்லிச் சொல்லி அவர்களுக்கு வாய் வலிக்கிறது. கேட்கிற நமக்குத்தான் மனசு வலிப்பதில்லை.

இதற்குக் காரணம் நம்முடைய கல்நெஞ்சம் அன்று. மனிதன் எண்ணைக் கேட்டு அழுவதில்லை. கதையைக் கேட்டுத்தான் அழுகிறான். பஞ்சத்தைப் பற்றிச் சர்க்கார் கமிஷன்கள் வெளியிட்ட அறிக்கைகளைப் படித்துக் கண்ணீர் விட்டவர் எத்தனை பேர்? நல்லதங்காள் கதையைக் கேட்டுக் கண்ணீர் விட்டவர் எத்தனை பேர்? இரண்டிலும் இருப்பது பஞ்சந்தான். ஒன்றில் பஞ்சம் கணக்காக இருக்கிறது. மற்றொன்றில் அது ஏழு குழந்தைகளின் தாயாக வந்து நம் வாசலில் நிற்கிறது.

ஜோக்கிம் சித்தப்பா

திலோனியாவின் கதை 1972-ம் வருஷத்தில் தொடங்குகிறது. சஞ்சித் ராய் என்ற வங்காளி இளைஞர், பங்கர் ராய் என்று எல்லோராலும் அழைக்கப்படுகிறவர், அங்கே வந்து சேர்ந்தார். டேராடூனிலும் டில்லியிலும் உயர்ந்த பள்ளிகளில் படித்தவர். ஸ்குவாஷ் ஆட்டத்தில் தேசிய வீரர். பீகாரில் 1966-67 வருஷங்களில் உண்டான கொடிய பஞ்சத்தை நேரில் பார்த்த பிறகு அவருக்குப் பட்டண வாழ்வில் ருசி விட்டுப்போயிற்று. சில வருஷங்கள் கிணறு வெட்டும் கூலியாளாகக் கிராமாந்தரங்களில் உழைத்தார். பிறகு திலோனியாவில் ஓர் ஸ்தாபனம் தொடங்கினார். ஊர்ப் பெரியவர்களுக்கு முதலில் சந்தேகம். "போலீஸுக்குப் பயந்து ஓடி வந்தவனா? பரீக்ஷையில் தோற்றவனா? சர்க்கார் உத்தியோகம் கிடைக்காதவனா?" என்ற பாணியில் விசாரித்தார்களாம். இவ்வளவு படித்த பிள்ளை வேறு எதற்காகத்தான் கிராமத்துக்கு வருவான், பாவம்!

அந்த ஸ்தாபனத்துக்கு உலகம் வைத்த பெயர் 'பேர்ஃபுட் காலேஜ்', அதாவது வெறுங்கால் கலாசாலை. பட்டம் பெற்றவர்களுக்கு அங்கே மதிப்பு இல்லை. கைத்தொழில் தெரிந்தவனே ஆசிரியன். தெரிந்துகொள்ள விரும்புகிறவனே மாணவன். கிராமத்தின் அறிவும் கிராமத்தின் கையும் கிராமத்துக்குப் போதும் என்ற காந்தி மகாத்மாவின் கொள்கைதான் அதன் அஸ்திவாரம்.

ஊராரில் பெரும்பாலோருக்கு எழுத்து வாசனை கிடையாது. அவர்களிடம் துண்டுப் பிரசுரம் கொடுத்து என்ன பிரயோஜனம்? ஆனால் ராஜஸ்தானத்து ஜனங்களுக்குப் பொம்மலாட்டம் என்றால் உயிர். பாட் என்ற வகுப்பினர் தலைமுறை தலைமுறையாகக் 'கட்புத்லி' என்னும் மரப்பொம்மைகளை நூலில் ஆட்டி, அமர்சிங் ராத்தோர் முதலிய வீரர்களின் சரித்திரத்தை ஊர் ஊராக நடத்தி வந்திருக்கிறார்கள். திலோனியாக்காரர்கள் அந்தக் கலையைக் கைக்கொண்டார்கள். பொம்மைகள் ராஜா ராணிக் கதையை விட்டுவிட்டு, குடிதண்ணீரைப் பற்றியும், நியாயமான கூலியைப் பற்றியும், பெண் குழந்தைகளின் படிப்பைப் பற்றியும் பேசத் தொடங்கின.

இந்தப் பொம்மைகளில் தலைவர் ஜோக்கிம் சாச்சா. சாச்சா என்றால் சித்தப்பா. வயது முந்நூறு என்று சொல்வார்கள். அவர்தாம் தமக்கு ஆசான், வைத்தியர், வக்கீல் எல்லாம் என்று ஸ்ரீ ராய் வேடிக்கையாகக் கூறியிருக்கிறார். கிராமத்தில் வழக்கு வந்தால் பஞ்சாயத்துப் பண்ணுகிறவரும் சித்தப்பாவேதான்!

இதில் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் கூலியைக் குறைத்துக் கொடுக்கிறார் என்று ஓர் ஏழை எழுந்து சொன்னால் மறுநாள் அவனுக்கு வேலை இருக்காது. அதையே ஒரு பொம்மை சொன்னால் பொம்மையின் பேரில் யார் வழக்குத் தொடுப்பது? பெரிய மனிதரும் கூட்டத்தோடு கூட்டமாகச் சிரித்துத் தீர வேண்டியதுதான். நம்முடைய கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே கேலி செய்கிறான் அல்லவா? அந்த உரிமையைத்தான் ஜோக்கிம் சித்தப்பாவும் எடுத்துக்கொண்டார்.

பூசாரி ஏற்றிய விளக்கு

பொம்மலாட்டத்தினால் திலோனியா ஒரு பெரிய உண்மையைக் கண்டது. எழுத்து இல்லாமலே எதையும் சொல்லலாம் என்றால், எழுத்து இல்லாமலே எதையும் கற்பிக்கவும் முடியும் அல்லவா? கண்ணால் பார்த்து, கையால் செய்து கற்கிற வித்தைக்கு அக்ஷராப்பியாசம் எதற்கு?

சூரியனிடமிருந்து மின்சாரம் எடுக்கும் வித்தையை அவர்கள் இப்படித்தான் கற்றார்கள். ஸ்தாபனத்தின் கூரைகளில் 45 கிலோவாட் சூரிய மின் தகடுகளை நிறுவும் வேலையை நடத்தியவர் எட்டாவது வகுப்பு வரையில் மட்டும் படித்த ஒரு பூசாரி! கோயிலில் தினந்தோறும் கற்பூரம் காட்டியவர், பிறகு சூரிய பகவானைக் கொண்டே விளக்கேற்றினார். ஸ்தாபனத்தின் சமையலுக்குச் சூரிய வெப்பத்தைக் குவிக்கும் பெரிய கண்ணாடி அடுப்பு. அதைச் செய்தவர்கள் பெண்கள். பகலெல்லாம் ஆடு மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக இராப் பள்ளிக்கூடங்கள். அங்கே சூரிய விளக்குகள்.

பாட்டிமார் பட்டாளம்

இனிமேல்தான் கதையின் ருசிகரமான பகுதி வருகிறது. இந்த வித்தையை மற்ற ஊர்களுக்குக் கொண்டுபோக யாரைப் பழக்குவது? இளைஞர்களைப் பழக்கினால் என்ன ஆகிறது என்பதைத் திலோனியாக்காரர்கள் அநுபவத்தில் கண்டார்கள். பையன் வித்தை கற்கிறான். உடனே ஒரு சர்டிபிகேட் கேட்கிறான். அது கைக்கு வந்ததும் பட்டணத்துக்கு ரயில் ஏறிவிடுகிறான். ஊர் பழையபடி இருட்டில் கிடக்கிறது. ஆகையால் பாட்டிமாரைத் தேர்ந்தெடுத்தார்கள். பாட்டி ஊரை விட்டுப் போகமாட்டாள். அவளுடைய பேரக் குழந்தைகள் அங்கே இருக்கிறார்கள். அவள் சொன்னால் ஊரும் கேட்கும்.

இந்திய கிராமங்களிலிருந்து மட்டுமல்ல. ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் ஆப்பிரிக்க தேசங்கள் பலவற்றிலிருந்தும், கடல் கடந்து, முன்பின் விமானத்தைப் பார்த்தறியாத ஸ்திரீகள் திலோனியாவுக்கு வந்தார்கள். பிரயாணச் செலவுக்கும் பயிற்சிக்கும் இந்திய சர்க்கார் உதவி செய்தது. பயிற்சி ஆறு மாதம். ஒருத்தியின் பாஷை மற்றொருத்திக்குத் தெரியாது. ஆசிரியைக்கோ இருவர் பாஷையும் தெரியாது. சைகையாலும், வர்ணங்களாலும், படங்களாலும் பாடம் நடந்தது. சிவப்புக் கம்பி எங்கே, கறுப்புக் கம்பி எங்கே, எந்த வர்ண வளையம் போட்ட துண்டை எந்த இடத்தில் வைத்து ஈயம் பற்றவைப்பது என்று கை பழகிவிட்டால், வாய்ப்பேச்சு எதற்கு? ஆறாவது மாத முடிவில் அவர்கள் விளக்கைப் பூட்டவும் பிரிக்கவும் பழுது பார்க்கவும் தெரிந்த நிபுணர்களாகத் திரும்பிப் போனார்கள்.

ஆப்கானிஸ்தானத்துப் பாட்டி ஒருத்திக்கு வயது 55. ஊர் திரும்பி 200 வீடுகளுக்கு விளக்குப் போட்டாளாம். அங்கேயுள்ள இன்ஜினீயரிங் இலாகா ஒன்றுக்குச் சென்று, இருவகை மின்னோட்டங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை அதன் தலைவருக்கே விளக்கினாள் என்றும் ஸ்ரீ ராய் சொன்னார்.

இந்த ஏற்பாட்டின் அஸ்திவாரம் தருமம் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். விளக்கு பெறும் ஒவ்வொரு குடும்பமும், மண்ணெண்ணெய்க்கும் மெழுகுவத்திக்கும் முன்பு செலவழித்து வந்த பணத்தை ஒட்டி, மாதந்தோறும் ஒரு தொகையை ஊர்க் கமிட்டிக்குச் செலுத்த வேண்டும். அதிலிருந்து பாட்டிக்குச் சம்பளம். இனாமாக வந்த யந்திரம் பழுதானால் மூலையில் கிடக்கும். காசு கொடுத்த யந்திரம் பழுதானால், மறுநாள் காலையில் பாட்டியின் வாசற்கதவு தட்டப்படும்.

ஒரு தாயின் சோதனை

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது இனிமையான கதை. உள்ளே இருந்தவர்களுக்கு எவ்வளவு கசப்பும் கலந்திருந்தது என்பதை 2012-ம் வருஷத்தில் வெளிவந்த 'சோலார் மாமாஸ்' என்ற செய்திப்படம் காட்டியது. மோனா எல்தாயிஃப், ஜெஹான் நுஜெயிம் என்ற இரு பெண்மணிகள் எடுத்த படம். ஜோர்டான் தேசத்துப் பாலைவனக் குடியைச் சேர்ந்த ஒரு பெண், நான்கு புதல்விகளின் தாய், திலோனியாவுக்குப் பயில வருகிறாள். பயிற்சி முடிவதற்கு முன்பே புருஷனிடமிருந்து ஓலை: உடனே திரும்பாவிட்டால் விவாகரத்து, குழந்தைகளும் உனக்கில்லை! அவள் திரும்பிப் போகிறாள். போராடுகிறாள். மறுபடியும் வந்து பயிற்சியை முடிக்கிறாள்.

இந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்குச் சூரிய சக்தி என்பது தகடும் கம்பியும் மாத்திரம் அல்ல என்பது விளங்கியிருக்கும். ஒரு வீட்டில் விளக்கு எரிய வேண்டுமானால், அதற்கு முன்பு ஒரு மனத்தில் எத்தனை இருள் விலக வேண்டியிருக்கிறது! இதை எந்தப் புள்ளிவிவரம் நமக்கு எடுத்துச் சொல்லும்?

ஒரு நியாயமான கேள்வி

"இதெல்லாம் சரி ஐயா, பாட்டி ஏற்றிய சிறு விளக்கினால் பூமியின் சூடு தணிந்துவிடுமா?" என்று சில வாசகர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் சுமார் இரண்டரைக் கிலோ கரியமில வாயு உண்டாகிறது. மாதம் மூன்று லிட்டர் எரிக்கும் குடும்பம் அதை நிறுத்தினால் வருஷத்தில் ஏறக்குறைய 90 கிலோ மிச்சம். பெரிய தொழிற்சாலைகளும் மோட்டார்களும் கக்கும் புகைக்கு முன்னால் இது கடலில் கரைத்த பெருங்காயந்தான். பூமியைச் சூடாக்கியவர்கள் அந்தப் பாட்டிமார் அல்லர். அந்தப் பழியும் பொறுப்பும் அதிகமாக எரித்தவர்களுக்கே சேரும்.

ஆனால் பாட்டியின் விளக்கு வேறொரு காரியத்தைச் செய்கிறது. "நம்மால் ஆகாது" என்ற பேச்சுக்கு அது முற்றுப்புள்ளி வைக்கிறது. வெறும் கதை மட்டும் சொல்லியிருந்தால் திலோனியா மக்கள் கைகொட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பார்கள். வெறும் விளக்கை மட்டும் கொடுத்திருந்தால் ஆறு மாதத்தில் அது துருப்பிடித்திருக்கும். கதை கேட்டவர்கள் கையில் கருவி கொடுத்தார்கள். கருவி பிடித்தவள் ஊருக்கே ஒரு கதையானாள். "அடுத்த தெருப் பாட்டி செய்கிறாள், நாம் செய்யக் கூடாதா?" என்ற கேள்விக்கு இணையான பிரசாரம் உலகத்தில் இல்லை.

படித்த குடும்பங்களாகிய நமக்கு இதில் பாடம் உண்டு. நம் தேசத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் முக்கால் பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. ஒரு கோடி வீட்டுக் கூரைகளில் சூரியத் தகடு அமைக்கும் திட்டத்தை மத்திய சர்க்கார் 2024-ம் வருஷம் பிப்ரவரியில் ஆரம்பித்தது. திட்டம் காகிதத்தில் இருக்கிறது. கூரை நம்மிடத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு கதை வேண்டியிருக்கிறது. நம் குழந்தைகளின் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில், பூமி அழியப் போகிறது என்று பயமுறுத்தும் நாடகத்தைச் சற்று நிறுத்திவைத்து, திலோனியாப் பாட்டியின் கதையை ஆடச் சொல்லலாம். நாடகம் முடிந்ததும், தன் வீட்டு மாடியில் சூரியத் தகடு போட்டிருக்கும் அயலார் ஒருவரை மேடைக்கு அழைத்து, என்ன செலவாயிற்று, மாதம் என்ன மிச்சமாகிறது, பழுதானால் யாரைக் கூப்பிடுகிறார் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லச் செய்யலாம். அன்று இரவு வீடு திரும்பும் பெற்றோர்களில் நாலு பேராவது தங்கள் மொட்டை மாடியை நிமிர்ந்து பார்ப்பார்கள் என்பது நிச்சயம்.