வெப்பமும் கொத்துத் தலைவலியும்

புனே நகரில் ஏப்ரல் மாதப் பகல் வெப்பம் சராசரியாக 38 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். இரவிலோ 20 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். அப்பருவத்தில் ஒரு கண்ணைச் சுற்றிக் கடும் வலி எழுந்தால் "வெயில் சூடு" என்று மோர் அருந்தி அமைவதே வழக்கம். அது கொத்துத் தலைவலியாகவும் இருக்கலாம்.

இந்நோயில் வலி 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நீடிக்கும். அப்பக்கத்துக் கண் சிவந்து நீர் வடியும், மூக்கு அடைக்கும், நோயாளி படுக்க இயலாமல் உலவுவார். சில வாரங்கள் கொத்தாக வந்து, பின்னர் மாதக்கணக்கில் மறையும்.

வெப்பம் வலியைத் தூண்டுவதாக நோயாளிகள் சிலர் கூறுகின்றனர். ஆயினும் தாக்குதல் பெரும்பாலும் உறக்கத்தின் நடுவே, குறித்த நேரத்தில் வருகிறது. அதாவது, புனே குளிர்ந்துவிட்ட பிறகு. எனவே வெப்பத்தை மூலகாரணமாகக் கொள்வதற்கில்லை. உடலின் நேரக்கணக்கை நடத்தும் ஹைப்போதலாமஸ் என்னும் மூளைப்பகுதிக்கே இதில் முக்கியப் பங்கு உண்டென மருத்துவர்கள் கருதுகின்றனர்.

சமவெளியில் வெப்பம் 40 டிகிரியைத் தொட்ட பின்னரே வானிலைத் துறை வெப்ப அலையைப் பற்றி ஆராயும். நோயாளியின் உடல் அந்த அளவுகோலுக்குக் கட்டுப்படுவதில்லை. எம்மைப் போன்ற அலுவலர்கள் இதை மறந்துவிடுகிறோம்.

சாதாரண மாத்திரை பயன் தருவதற்குள் தாக்குதல் முடிந்துவிடும். மருத்துவரின் மேற்பார்வையில், முகமூடி வழியாக நிமிடத்துக்கு 12 லிட்டர் வீதம் தூய ஆக்சிஜனை 15 நிமிடம் சுவாசித்தால் பலருக்கு வலி தணிகிறது.