திண்ணையும் குழாயடியும் சேர்ந்ததே வீடு
மாணவப் பருவத்தில் முளைத்து நவி மும்பை வரை வளர்ந்த ஒரு கட்டடக் கலைஞரின் சிந்தனை

பம்பாய்க்குப் பிழைக்க வந்த தமிழர் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் குறை இடநெருக்கடி. பத்தடிக்குப் பதினாறடி அறை ஒன்று. அடுப்பும் படுக்கையும், பிள்ளைகளின் படிப்பும், ஊரிலிருந்து பெட்டியுடன் வந்திறங்கும் விருந்தாளியும் எல்லாம் அதற்குள்தான்.

ஆனால் அப்படிப்பட்ட அறைகளில் குடியிருந்தவர்கள் அறைக்குள் மட்டுமா வாழ்ந்தார்கள்? சால் கட்டடத்தின் நீண்ட வராந்தாவில் அரிசி புடைத்தார்கள். குழாயடியில் ஊர்ச் செய்தி பேசினார்கள். முற்றத்தில் கல்யாணப் பந்தல் போட்டார்கள். கோடை இரவில் மொட்டை மாடியில் பாய் விரித்தார்கள். அறை சிறியது, வீடு பெரியது என்று சொன்னால் அது மிகையாகாது.

சாதாரண மக்கள் அனுபவத்தில் கண்ட இந்த உண்மையைக் கட்டடக் கலையின் பாடமாகவே ஆக்கியவர் சார்லஸ் கொரியா. 2015-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் மும்பையில் காலமான இவர், மாணவராக இருந்தபோதே பிடித்துக்கொண்ட ஒரு கேள்வியைக் கடைசி வரை விடவில்லை. வாழ்கிற இடத்தைத் திட்டமிடுவதில் அங்கே வாழ்கிறவனுக்குப் பங்கு உண்டா, இல்லையா என்பதே அந்தக் கேள்வி.

பொம்மை ரயில் காட்டிய வழி

1930 செப்டம்பர் 1-ஆம் நாள் செகந்தராபாத்தில் பிறந்தவர் கொரியா. சிறு வயதில் பொம்மை ரயில் என்றால் அவருக்கு உயிர். தண்டவாளத்தை எப்படி வளைப்பது, எங்கே பிரிப்பது, எங்கே சேர்ப்பது என்று காகிதத்தில் வரைந்து பார்ப்பதே பொழுதுபோக்கு. அந்தக் கோடுகள்தாம் தம்மைக் கட்டடக் கலைக்குக் கொண்டுவந்தன என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

பம்பாய் செயின்ட் சேவியர் கல்லூரியில் பயின்றபின் அமெரிக்கா சென்றார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1953-இல் பட்டம் பெற்றார். பின்னர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்து 1955-இல் முதுகலைப் படிப்பை முடித்தார்.

ஆய்வேட்டுக்குப் பதில் சினிமா

கட்டடக் கலை மாணவர் படிப்பை முடிக்கும்போது பெரிய மாளிகை, அரங்கம், விமான நிலையம் என்று ஏதேனும் ஒன்றுக்கு வரைபடம் போட்டுக் காட்டுவது வழக்கம். கொரியா அப்படிச் செய்யவில்லை. முதுகலை ஆய்வாக அவர் கொடுத்தது ஒரு கார்ட்டூன் படம். ‘நீங்களும் உங்கள் அக்கம்பக்கமும்’ என்பது அதன் தலைப்பின் பொருள்.

ஒரு பேட்டை நாளடைவில் எப்படிச் சீர்கெடுகிறது, அதைச் சீராக்க அங்கே குடியிருப்பவர்களே எப்படி ஒன்றுகூட முடியும் என்பதுதான் படத்தின் செய்தி. பேட்டைவாசிகளுக்குப் புரிகிற மொழியில் பேசவேண்டும் என்றே அந்த மாணவர் சினிமாவைத் தேர்ந்தெடுத்தார். நிபுணர் வந்து வரைபடத்தை விரித்தால் சாதாரண மனிதன் வாயடைத்து நிற்பான். படமாகக் காட்டினால் தன் தெருவைப் பற்றித் தானே பேசத் தொடங்குவான்.

இந்தியா திரும்பி 1958-இல் பம்பாயில் தொழில் தொடங்கினார். சபர்மதி ஆசிரமத்தில் 1963-இல் அவர் முடித்துக் கொடுத்த காந்தி நினைவு அருங்காட்சியகம் நாடெங்கும் பேசப்பட்டது. ஆறு மீட்டர் சதுரக் கூடங்கள், செங்கல் தூண்கள், ஓட்டுக் கூரை, நடுநடுவே திறந்த முற்றங்கள். தேவைப்படும்போது இன்னும் சில கூடங்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற அமைப்பு. குடும்பம் பெருகும்போது நாட்டுப்புறத்து வீடும் அப்படித்தானே வளர்கிறது?

நான்கு வகை இடங்கள்

வீடு என்பதை நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டினார் கொரியா. முதலாவது, சமைக்கவும் தூங்கவும் பண்டங்களை வைக்கவும் குடும்பத்துக்கே உரிய இடம். இரண்டாவது, வாசற்படி: பிள்ளைகள் விளையாடவும் அண்டை வீட்டாருடன் பேசவும் ஆன இடம். மூன்றாவது, குழாயடி அல்லது கிணற்றடி போல அக்கம்பக்கத்தார் சந்திக்கும் இடம். நான்காவது, ஊருக்கே பொதுவான மைதானம்.

அறை, திண்ணை, கிணற்றடி, மந்தை என்று மாற்றிப் படித்தால் இது நெல்லைச் சீமையின் எந்தக் கிராமத்துக்கும் பொருந்தும்.

இந்த நான்கும் ஒன்றுக்கொன்று ஈடு கொடுப்பவை என்பதே அவர் கருத்தின் உயிர்நாடி. அறை சிறியதானால் வாசல் பெரியதாக வேண்டும். வாசலும் இல்லையென்றால் குழாயடியும் மைதானமும் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். மழைக்காலம் நீங்கலாக ஆண்டில் பெரும்பகுதி வெளியில் உட்காரவும் படுக்கவும் முடிகிற நாடு இது. கூரையுள்ள அறை கட்டப் பணம் வேண்டும். வானமே கூரையான முற்றத்துக்குச் செலவு மிகக் குறைவு. ஏழையின் கையில் பணம் குறைவு என்பதால், முற்றம் அவனுக்கு ஆடம்பரம் ஆகாது, அத்தியாவசியம்.

கடல் கடந்து ஒரு நகரம்

பம்பாயோ தெற்கு வடக்காக நீண்ட ஒடுங்கிய தீவு. அலுவலகங்கள் தென்கோடியில், வீடுகள் வடக்கே. காலையில் ஒரு திசையிலும் மாலையில் எதிர்த்திசையிலும் ரயில் பிதுங்கி வழிவது இதனால்தான். மாநகரத்தின் வளர்ச்சித் திட்டம் 1964-இல் பொதுமக்களின் கருத்துக்கு வைக்கப்பட்டபோது, கொரியாவும் பிரவீணா மேத்தா என்ற பெண் கட்டடக் கலைஞரும் பொறியாளர் சிரீஷ் படேலும் மாற்றுத் திட்டம் ஒன்றை முன்வைத்தார்கள். விரிகுடாவுக்குக் கிழக்கே புதிய நகரம் அமைத்து வேலைவாய்ப்பையும் அங்கே கொண்டுபோக வேண்டும் என்பது அந்த யோசனை.

அரசு அதை ஏற்றது. 1970-இல் சிட்கோ நிறுவனம் தோன்றியது. அதன் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்தவர் கொரியா. இன்று நவி மும்பை எனப்படும் ஊர் இதுவே. வாஷியிலும் நெருளிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இந்த யோசனையின் பயனைக் கண்டவர்கள்.

ஆனால் யோசனை முழுமையாக நிறைவேறவில்லை. மாநில அரசின் தலைமைச் செயலகம் தென் பம்பாயை விட்டு நகரவே இல்லை. நரிமன் முனையில் அடுக்கடுக்காக அலுவலகங்கள் எழுந்தன. பாலம் 1973-இல் வந்தும் வாஷிக்குப் பயணிகள் ரயில் வந்தது 1992-இல்தான். வீடு ஒரு கரையில், வேலை மறுகரையில் என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது.

ஏழு வீடு, ஒரு முற்றம்

நவி மும்பையின் பேலாப்பூரில் 1983-க்கும் 1986-க்கும் இடையே கொரியா அமைத்த குடியிருப்பு அவரது சிந்தனைக்கு நேரடியான எடுத்துக்காட்டு. ‘கலைஞர் கிராமம்’ என்ற பொருளில் வழங்கும் அந்த இடத்தில் மாடிக் குவியல்கள் இல்லை.

ஏழு வீடுகள் ஒரு முற்றத்தைச் சூழ்ந்து நிற்கும். முற்றம் ஏறத்தாழ எட்டு மீட்டர் சதுரம். இப்படி மூன்று தொகுதிகள் சேர்ந்தால் இருபத்தொரு வீடுகள். அவற்றுக்கு நடுவே இன்னும் பெரிய முற்றம். அதுபோல மூன்று சேர்ந்தால் அதற்கும் பெரிய பொதுவெளி. முற்றத்திலிருந்து முற்றம் பெரிதாகிக்கொண்டே போய் ஊர் உருவாகிறது.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மனை. அளவு ஏறத்தாழ 45 சதுர மீட்டர் முதல் 75 சதுர மீட்டர் வரை. வசதி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் மனையில் பெரிய வித்தியாசம் வேண்டாம் என்பது நோக்கம். பக்கத்து வீட்டுடன் பொதுச்சுவர் கிடையாது. கையில் காசு சேரும்போது ஓர் அறை கூட்டிக் கட்டலாம். அயலாரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம். சாதாரணக் கொத்தனாரும் மிஸ்திரியும் கட்டக்கூடிய எளிய வீடுகள் என்பதால் செலவிடும் பணம் உள்ளூர்க் கடைக்கும் கூலிக்கும் போகும். இப்படித் தாழ்வாகக் கட்டியே ஹெக்டேருக்கு 500 பேர் வரை குடியமர்த்த முடியும் என்றார் கொரியா.

பிற்பாடு நடந்தது என்ன? பல வீடுகளை உரிமையாளர்கள் இடித்துவிட்டு இரண்டு மூன்று மாடிகள் எழுப்பியிருக்கிறார்கள். ஓட்டுக் கூரை போய்க் கான்கிரீட் வந்தது. ‘திட்டம் கெட்டது’ என்பாரும் உண்டு. ‘வளரவேண்டும் என்றுதானே கட்டினார்’ என்பாரும் உண்டு. வீடுகளின் தோற்றம் மாறியபோதும் அந்த முற்றங்களின் அமைப்பு நிலைத்திருப்பதே கவனிக்க வேண்டியது.

செல்வர்களுக்கும் இதே பாடத்தைத்தான் அவர் சொன்னார். 1983-இல் தென் பம்பாய்க் கம்பாலா குன்றில் எழுந்த ‘காஞ்சன்ஜங்கா’ அடுக்கு மாளிகையில் ஒவ்வொரு குடியிருப்புக்கும் இரண்டு மாடி உயரத் திறந்த தாழ்வாரம் உண்டு. வானத்தைப் பார்க்கும் வாசல் கோடீஸ்வரருக்கும் தேவைப்படுகிறது. அப்படியிருக்க, கூலிக்காரருக்கு மட்டும் அது ஏன் வேண்டாம்?

தாராவிக்கு உள்ள கேள்வி

1985-இல் பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு நூறு கோடி ரூபாய் ஒதுக்கியதைத் தொடர்ந்து தாராவியை ஆராய அமைந்த குழுவுக்கும் கொரியாவே தலைவர். தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்து சேர்ந்தவர்கள் தாராவித் தமிழர். பொங்கல் நாளில் தொண்ணூறடிச் சாலையில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பெண்கள் பொங்கலிடும் காட்சியை மும்பையே அறியும். எந்த வரைபடத்திலும் ‘பொங்கல் மைதானம்’ என்று குறிக்கப்படாத இடம் அது. ஆனால் அந்த மக்களின் வீட்டில் அதுவும் ஒரு பகுதி.

1995-இல் வந்த குடிசை மாற்றுத் திட்டம் குடும்பத்துக்கு 225 சதுர அடி இலவச வீடு என்றது. அது பின்னர் 269 ஆகி, 300 ஆயிற்று. தாராவி மறு அமைப்புக்கு 2022-இல் ஏலம் முடிந்து, தகுதியுள்ளோருக்கு 350 சதுர அடி என அறிவிக்கப்பட்டது. சொந்தக் கழிப்பறை, குழாய்த் தண்ணீர், பட்டா என்ற நன்மைகளைக் குறைத்து மதிப்பிட முடியாது. பொதுக் கழிப்பறை வாசலில் விடியற்காலையில் வரிசையில் நின்றவர்களுக்கே அந்த அருமை தெரியும்.

எனினும் பேரம் எல்லாம் சதுர அடியைப் பற்றியே நடக்கிறது. அறைக்குள் ஐம்பது அடி கூடியதாகக் கணக்குக் காட்டும்போது, வெளியில் பறிபோகும் வாசல், சந்து, மொட்டை மாடி ஆகியவற்றின் அடியை யாரும் அளப்பதில்லை. வாசலில் இட்லிக்கு மாவரைத்து விற்கும் பெண்ணுக்கும், சந்தில் அப்பளம் காயப்போடும் குடும்பத்துக்கும் அந்த இடம்தான் பிழைப்பு. பதினைந்தாவது மாடியில் அப்பளம் எங்கே காயும்?

ஆகவே ஒப்புதல் தாளில் கையெழுத்திடுவதற்கு முன் சங்கத்துக் கூட்டத்தில் சில கேள்விகள் எழ வேண்டும். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே எத்தனை அடி? வெயில் தரைக்கு இறங்குமா? பிள்ளைகள் ஓட இடம் எது? தளத்துக்குத் தளம் நாலு பேர் உட்கார வராந்தா உண்டா? கைத்தொழில் செய்பவருக்கு இடம் எங்கே? இவற்றுக்கான விடையை வாயால் சொன்னால் போதாது. வரைபடத்தில் காட்டச் சொல்ல வேண்டும்.

அக்கம்பக்கத்தார் கூடிப் பேசினால்தான் பேட்டை சீர்படும் என்று 1955-இல் ஒரு மாணவர் கார்ட்டூன் படம் போட்டுச் சொன்னார். அதைச் செய்து பார்க்கும் வேளை தாராவிக்காரருக்கு இப்போது வந்திருக்கிறது.