சொல் தேடி வீட்டுக்கு வருபவர்

வீட்டில் வயதுசென்ற ஒருவர் பாரிசவாதத்தால் விழுந்து, சில நாட்களின் பின் எழுந்து உட்காருகிறார். வாய் திறக்கிறார், சொல் வரவில்லை. அல்லது தண்ணீர் கேட்க நினைத்துக் "கதவு" என்கிறார். சுற்றி நிற்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். "அப்புவுக்கு இனி ஒன்றும் விளங்காது" என்று யாரோ சொல்லிவிடுகிறார். அதைக் கட்டிலில் இருந்தபடி அப்புவும் கேட்டுக்கொண்டிருக்கிறார். பல வேளைகளில் அவருக்கு அது நன்றாகவே விளங்குகிறது.

இப்படிப்பட்டவர்களுடைய வீட்டுக்கே சென்று, பேச்சையும் விழுங்கும் ஆற்றலையும் மீட்க உதவுவதைத் தொழிலாகக் கொண்டவர்கள் உளர். பேச்சுச் சிகிச்சையாளர் என்று அவர்களைச் சொல்கிறோம். ஐக்கிய அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களின் வீடுகளுக்குச் செல்லும் சிகிச்சையாளர்களைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். படைவீரர் என்ற சொல் நமது வாசகர் பலருடைய காதுக்கு இனிமையான சொல் அல்ல என்பதை அறிவோம். ஆயினும், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொந்த மகளின் பெயரைத் தேடித் தடுமாறும் மனிதனுக்குப் பின்னால் எந்தப் படையும் நிற்பதில்லை. அந்த வீட்டில் நடப்பவை நமது வீடுகளுக்கும் உதவக்கூடியவை.

அடைபட்ட வாய்க்கால்

1861இல் பிரான்ஸ் நாட்டில் போல் புரோக்கா என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் ஒரு நோயாளியைப் பார்த்தார். பல ஆண்டுகளாக அந்த மனிதர் வாயிலிருந்து வந்தது "தான்" என்ற ஓர் ஒலி மட்டுமே. எதைக் கேட்டாலும் "தான், தான்" என்பதே பதில். கோபம் வந்தால் மட்டும் ஒரு வசைச்சொல் முழுமையாக வந்துவிடும்! கேட்பவற்றில் பெரும்பகுதி அவருக்கு விளங்கியது. அவர் இறந்த பின் மூளையைப் பார்த்தபோது, இடது பக்கத்தின் முன்பகுதி பழுதடைந்திருக்கக் காணப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1874இல், ஜேர்மனியரான கார்ல் வேர்ணிக்கே இன்னொரு வகையை விளக்கினார். அவ்வகையினர் தடையின்றிப் பேசுவார்கள். ஆனால் பேச்சில் பொருள் இராது. பிறர் சொல்வதும் சரியாக விளங்காது.

விவசாயிகளுக்கு இதை விளக்குவது எளிது. முதலாம் வகையில் குளம் வற்றவில்லை, வாய்க்கால் அடைபட்டிருக்கிறது. குளத்தில் தண்ணீர் இருக்கும்போது "இந்தக் குளம் செத்துப்போயிற்று" என்று வரம்பில் நின்று சொல்லும் கமக்காரன் உண்டா? மனிதர் விடயத்தில் மட்டும் அப்படிச் சொல்லிவிடுகிறோம். பாரிசவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தப் பேச்சிழப்பு ஏற்படுகிறது.

துப்பாக்கிச் சூடும் எறிகணைத் துண்டும் இதே பழுதைச் செய்யும். ஆகையால் இத்துறை போர்களோடு சேர்ந்தே வளர்ந்தது. முதலாம் உலகப் போரின் பின் ஜேர்மனியில் கூர்ட் கோல்ட்ஸ்ரைன் தலையில் காயம்பட்ட போர்வீரர்களுக்காக ஒரு நிலையம் நடத்தினார். அதே காலத்தில் அவுஸ்திரேலியாவில் லயனல் லோக் என்பவர், நச்சுவாயுவாலும் போர் அதிர்ச்சியாலும் குரல் கெட்டுத் திரும்பியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். திக்குவாயோடு இருந்த பிரித்தானிய மன்னர் ஆறாம் ஜோர்ஜுக்குப் பின்னாளில் துணைநின்றவர் இவரே. அரசனுக்குக் கிடைத்த உதவி முதலில் சாதாரணச் சிப்பாயின் தொண்டையில் பழகிப் பார்த்த உதவி என்பது நமக்குப் பிடித்த செய்தி.

சாப்பாட்டு மேசையே வகுப்பறை

முன்னாள் படைவீரர்களுக்கான அமெரிக்க அரசுத் திணைக்களம் 1970களில் வீட்டுப் பராமரிப்புத் திட்டமொன்றைத் தொடங்கியது. வைத்தியர், தாதி, சமூகப் பணியாளர் ஆகியோர் சேர்ந்த குழு இது. தேவைப்படும் வீட்டுக்குப் பேச்சுச் சிகிச்சையாளரும் போவார். அந்நாட்டின் முன்னாள் படைவீரர்களில் கிட்டத்தட்டக் கால்பங்கினர் நாட்டுப்புறங்களில் வாழ்கிறார்கள். வைத்தியசாலை மணிக்கணக்கான பயணத் தூரத்தில் இருக்கும். சிகிச்சையாளர் தமது காரில் படங்கள், வெள்ளைத் தாள், பேனை, கண்ணாடி, கையுறை, ஒரு சிறு டோர்ச் ஆகியவற்றோடு புறப்படுகிறார்.

அப்படியான ஒரு வீட்டுக்கு நாமும் கூடப் போவதாக எண்ணிக்கொள்வோம். வருவதை முன்கூட்டியே தொலைபேசியில் அறிவித்தாயிற்று. போரைக் கண்டவர் வீட்டில் அறிவிக்காமல் கதவைத் தட்டக்கூடாது. அவருக்குப் பின்புறமாக வந்து தோளைத் தொடவும் கூடாது. நாயைக் கட்டிவிட்டார்கள். முதல் வேலை தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்வது. கதிரையை அவருக்கு நேர் எதிரே, வெளிச்சம் தம் முகத்தில் விழும்படி போட்டுக்கொள்கிறார் சிகிச்சையாளர். தம் வாயசைவு அவருக்குத் தெரியவேண்டும் அல்லவா?

வைத்தியசாலையில் ஒரு படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்கலாம். அது யாரோ ஒருவருடைய கோப்பை. வீட்டிலோ கையில் எடுப்பது அவருடைய கோப்பை. சுவரில் இருப்பது அவருடைய திருமணப் படம். வாசலில் நிற்பது அவர் திருத்திக்கொண்டிருந்த உழவு இயந்திரம். இழந்த சொல்லைத் தேடுவதற்கு அது முன்பு நாளாந்தம் நடமாடிய இடத்தைவிட நல்ல இடம் எது? அத்துடன் வைத்தியசாலைக் கட்டிலில் ஒருபோதும் தெரியாத ஒன்றும் இங்கு தெரிந்துவிடும். அவரிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் மனைவியே முந்திக்கொண்டு பதில் சொல்கிறார். அன்பினால்தான். அந்த அன்பு அவருடைய வாயை மூடிவிட்டது.

எனவே பாடத்தின் பாதி மனைவிக்கு. ஒரு கேள்வி கேட்டபின் மனதுக்குள் பத்துவரை எண்ணிக் காத்திருங்கள். "என்ன சாப்பிடப் போகிறீர்கள்?" என்பதற்குப் பதிலாக, "முட்டையா, பாணா?" என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். தலையாட்டல், விரல், வரைந்த கோடு எல்லாமே பேச்சுத்தான். காது கேளாதவரிடம் பேசுவதுபோலக் கத்தாதீர்கள். குழந்தையிடம் பேசுவதுபோலக் கொஞ்சாதீர்கள். அவருக்கு முன்னால் அவரைப் பற்றி மற்றவரிடம் பேசாதீர்கள். இவற்றுக்குப் பணமும் வேண்டாம், படிப்பும் வேண்டாம். நம் நாட்டில் இத்துறையினரை ராகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் பயிற்றுவிக்கிறது. தமிழில் இப்பணி செய்வோர் மிகச் சிலரே. ஆகையால் மேற்சொன்ன வரிகளை வாசகர்கள் இன்னொருமுறை வாசித்துக்கொள்வது நல்லது.

சொந்தமாக ஒரு வசனம் அமைக்க முடியாதவர், மனப்பாடமான செபத்தையோ கிழமை நாட்களையோ பழைய பாட்டையோ தங்கு தடையின்றிச் சொல்வதுண்டு. பொஸ்டன் நகரிலுள்ள முன்னாள் படைவீரர் வைத்தியசாலையில் பணியாற்றியவர்கள் இதைக் கொண்டு, சொற்களை இசைபோல ஏற்றி இறக்கிச் சொல்லவைத்து, இடது கையால் தாளம் தட்டவைத்து, மெல்ல மெல்லப் பேச்சுக்குக் கொண்டுவரும் முறையொன்றை 1973இல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் இது பலன் தருவதில்லை. விளக்கம் நன்றாக இருந்து சொல் வராதவர்களுக்கே பெரிதும் உதவுகிறது. செபத்தைப்போலவே தூஷண வார்த்தையும் தானாக வந்துவிடும். பங்குக் குருவுக்கு முன்னால் அது வந்துவிட்டாலும் குடும்பத்தார் வெட்கப்படத் தேவையில்லை.

ஒரு கோப்பை கோப்பி

பேச்சுச் சிகிச்சையாளர் சாப்பாட்டைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று பலர் வியப்பார்கள். பேசும் உறுப்புகளே விழுங்கும் உறுப்புகள். அவை தளர்ந்தால் குடிக்கும் நீர் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குள் இறங்கும். அது நிமோனியாவாக மாறி உயிரை எடுக்கக்கூடும். குடித்தவுடன் இருமல், சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரத்தல், அடிக்கடி காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள். இருமலே இல்லாமலும் நீர் உள்ளே இறங்குவதுண்டு; எக்ஸ்ரே போன்ற பரிசோதனைகளில்தான் அது தெரியவரும்.

நிமிர்ந்து உட்காரவைத்தே ஊட்டவேண்டும். சிறு வாயாகக் கொடுக்கவேண்டும். ஒரு வாய் இறங்கியபின் மறுவாய். சாப்பிட்டபின் அரை மணிநேரமாவது படுக்கவிடக்கூடாது. பல்லையும் நாக்கையும் நாளாந்தம் துப்புரவாக்கவேண்டும். அழுக்கான வாயிலிருந்து இறங்கும் துளி சுத்தமான வாயிலிருந்து இறங்குவதைவிட ஆபத்தானது. இவ்வளவும் சர்ச்சையற்றவை.

சர்ச்சை கோப்பியில் வருகிறது. நீர்த்தன்மையான பானங்களில் மாவு கலந்து கூழாக்கிக் கொடுப்பது ஒரு வழி. அது மெதுவாக இறங்குவதால் தடம் மாறுவது குறையும். ஆனால் கூழான கோப்பியை யார் விரும்புவார்? பலர் ஒரு வாய் வைத்துவிட்டுக் கோப்பையைத் தள்ளிவிடுகிறார்கள். பிறகு எதையும் குடிப்பதில்லை. உடலில் நீர் வற்றிப்போகிறது. ஐம்பது ஆண்டுகளாக விடியற்காலையில் கறுப்புக் கோப்பி குடித்த மனிதர், தலையை ஆட்டி, விரலை அசைத்து "வேண்டாம்" என்கிறார். மனைவி பயத்தில் அழுகிறார். மகன் வைத்தியர் சொன்னதுதான் சட்டம் என்கிறான். சிகிச்சையாளர் என்ன செய்வது?

நல்ல சிகிச்சையாளர் கட்டளையிடுவதில்லை. ஆபத்தை அவருக்கு விளங்கும் வகையில், படம் வரைந்து, ஆம் இல்லை என்ற கேள்விகளாகப் பிரித்து, திரும்பத் திரும்பச் சொல்கிறார். விளங்கியதா என்று சோதித்துப் பார்க்கிறார். தலையைச் சற்றுக் குனிந்து சிறு மிடறாகக் குடிப்பது அவருக்கு உதவுமா என்று பார்க்கிறார். வாயை நன்றாகக் கழுவியபின் வெறும் தண்ணீரை மட்டும் உணவு வேளைகளுக்கு இடையில் அனுமதிப்பது சிலருக்கு ஒத்துவரும். அத்தனைக்கும் பின்னர், தமக்குக் கோப்பிதான் வேண்டும் என்று அந்த மனிதர் விளங்கிக்கொண்டே தீர்மானித்தால், அது அவருடைய தீர்மானம். அதை மதித்து, இயன்றளவு பாதுகாப்பாகக் குடிக்க உதவுவதே கடமை. நாம் கருதுவதும் இதுவே. சொல்லை இழந்தவர் தம் வாழ்க்கையைப் பற்றிய தீர்ப்பையும் இழந்தவர் அல்லர்.

சிகரெட்டும் களைகொல்லியும்

எல்லாக் காயமும் போர்க்களத்தில் தெரிந்துவிடுவதில்லை. அமெரிக்கப் படையினரின் உணவுப் பொதியில் 1975 வரை சிகரெட்டும் இருந்தது. அதில் பழகியவர்களில் பலர் முதுமையில் குரல்வளைப் புற்றுநோயோடு வந்தார்கள். குரல்வளையை அகற்றியபின், கழுத்தில் அழுத்திப் பிடித்தால் அதிரும் சிறு கருவியால் பேசப் பழக்குவதும் இவருடைய வேலை.

வியட்நாமில் 1962 முதல் 1971 வரை காடுகளின் மீதும் பயிர்களின் மீதும் ஏஜன்ற் ஒறேஞ்ச் உள்ளிட்ட களைகொல்லிகளை அமெரிக்க விமானங்கள் தெளித்தன. அங்கு கடமையாற்றியவர்களுக்கு வரும் பார்க்கின்சன் நோயையும் சேவையால் வந்த நோயாக அந்நாட்டு அரசு 2010இல் ஏற்றுக்கொண்டது. அந்நோயாளரின் குரல் தேய்ந்து கிசுகிசுப்பாகிவிடும். ஆனால் தாம் சாதாரணமாகவே பேசுவதாக அவர் நினைப்பார். ஒரு மாதத்தில் 16 அமர்வுகள் கொண்ட உரத்த குரற் பயிற்சி இதற்கு உண்டு. எந்த வயலின் மீது அது தெளிக்கப்பட்டதோ, அந்த வயலின் சொந்தக்காரனான வியட்நாம் விவசாயிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்பதையும் சொல்லிவைக்கவேண்டும்.

ஈராக்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்த இளையவர்களின் நிலை வேறு. குண்டு வெடிப்பின் அதிர்ச்சியில் மூளை குலுங்கியவர்கள் இவர்கள். பேச்சு தெளிவாக இருக்கும். அடுப்பை ஏற்றியது நினைவிராது. இவர்களோடு உட்கார்ந்து கொப்பியில் நாட்குறிப்பு எழுதுவதும், அலாரம் வைப்பதும், அலுமாரிக் கதவில் பெயர் ஒட்டுவதும் சிகிச்சைதான்.

சிகிச்சையாளர் கிழமைக்கு ஒரு மணி, இரண்டு மணி இருந்துவிட்டுப் போய்விடுவார். மீதி நேரமெல்லாம் வீட்டிலுள்ளவருடையது. அமெரிக்காவில் 2010இன் சட்டமொன்று, கடுமையாகக் காயமுற்ற இளைய படைவீரர்களைப் பராமரிக்கும் மனைவி, தாய் போன்றோருக்கு மாதக் கொடுப்பனவு வழங்க வழிசெய்தது. 2018இன் சட்டம் அதை முந்திய போர்களில் சேவை செய்தவர்களின் குடும்பங்களுக்கும் விரித்தது. வீட்டுப் பெண்ணின் உழைப்பை உழைப்பென்று கணக்கில் எழுதியது பெரிய காரியமே.

இறுதியாக, வேறொரு நாட்டின் படைவீரர் ஒருவர். சோவியத் படையின் இளம் அதிகாரியான சசெட்ஸ்கியின் தலையை 1943இல் ஒரு சன்னம் துளைத்தது. வாசிப்பு, எழுத்து, சொற்கள் எல்லாம் போயின. உளவியல் அறிஞர் அலெக்சாந்தர் லூரியா அவரைப் பல ஆண்டுகள் கவனித்தார். ஒவ்வோர் எழுத்தாக நினைத்து எழுத முயன்றபோது ஒன்றும் வரவில்லை. யோசிக்காமல், கையை எடுக்காமல் ஒரு சொல்லை ஒரே ஓட்டமாக எழுதச் சொன்னார்கள், கை எழுதியது. மூளை மறந்ததைக் கை மறக்கவில்லை. அவர் தாயிருந்த வீட்டுக்குத் திரும்பி, மேசையில் உட்கார்ந்து தம் கதையை எழுதத் தொடங்கினார். ஒரு பக்கத்துக்கு ஒரு முழுநாள்கூடச் சென்றது. இருபத்தைந்து ஆண்டுகளில் ஏறக்குறைய 3,000 பக்கங்கள் சேர்ந்தன. தாம் எழுதியதைத் தாமே வாசிப்பதற்கு அவர் எழுத்தெழுத்தாகக் கூட்டவேண்டியிருந்தது. அப்படியிருந்தும் மறுநாள் காலையில் பேனையை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனார்.