மூளை தேர்ந்தது, ரோபோ எடுத்தது

சித்திரைத் திருவிழா. மதுரை தல்லாகுளத்தில் அழகரை எதிர்கொள்ளத் திரண்ட கூட்டத்தில், நீங்கள் தேடிய முகம் சட்டென்று தட்டுப்படுகிறது. ஏறத்தாழ 0.3 நொடியில் உங்கள் மூளையில் ஒரு மின் அலை எழுகிறது. அதன் பெயர் பி300. தலையில் தொப்பிபோல் அணியும் மின்முனைகளே அதைப் பிடித்துவிடும். மண்டையைத் திறக்க வேண்டாம்.

சென்னையில் பிறந்த ராஜேஷ் ராவ் இந்த அலையைத்தான் ரோபோவுக்கான கட்டளையாக்கினார். 2006-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனை அது. ரோபோவின் கேமராவில் தெரிந்த பொருள்கள் திரையில் மாறிமாறி ஒளிர்ந்தன. மனத்தில் குறித்த பொருள் ஒளிர்ந்தபோது பி300 எழுந்தது. ரோபோ அதையே எடுத்து வந்தது. தேர்வு 94 விழுக்காடு சரி.

எதை எடுப்பது, எங்கே வைப்பது என்பது மட்டுமே மனிதரின் வேலை. நடப்பதும் பிடிப்பதும் ரோபோவின் பொறுப்பு. இந்தப் பங்கீடுதான் இதன் அழகு: விரலசைக்க முடியாதவரும் ஒரு ரோபோவை ஏவலாம்.

மண்டையைத் திறந்து செய்த சோதனையும் உண்டு. 2008-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், மூளைக்குள் மின்முனைகள் பதித்த ஐடோயா என்ற குரங்கு டிரெட்மில்லில் நடந்தது. அதன் மூளைச் சமிக்ஞைகள் ஜப்பானின் கியோட்டோவில் ஒரு ரோபோவை நடக்க வைத்தன. டிரெட்மில் நின்றது. திரையில் ரோபோவின் கால்களைப் பார்த்தபடி, ஐடோயா நினைப்பாலேயே அதை மேலும் சில நிமிடம் நடத்தியது.